வீட்டைச் சுமக்கும் வண்டிக்கு ஷாக் அப்சார்பர்

நம் சங்கத்து நண்பர்கள் மூவர் வரும் கோடையில் டில்லியிலிருந்து மணாலி வழியாக லே வரை செல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள். பழைய இசுசு டி-மாக்ஸ் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய சிறு அறையொன்றை ஏற்றிச் செல்வது அவர்கள் எண்ணம். இத்தகைய அறையைக் 'கேம்பர்' என்பார்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். இது அதன் எளிய உருவம் எனலாம்.

நான் இயற்பியல் முதுகலை மாணவன் என்பதால், "நெடுநாள் உழைக்கும் ஷாக் அப்சார்பர் எது?" என்று என்னிடம் கேட்டார்கள். காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைத்தெருவில் ஒருவர், "இதைப் போடுங்கள், ஒன்றரை டன் தாங்கும்" என்று சொல்லி அனுப்பினாராம். அந்தச் சொல்லிலேயே பிழை இருக்கிறது. ஷாக் அப்சார்பர் சுமையைத் தாங்குவதற்காக அமைந்ததன்று. இதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். ஆகவே முதலில் பாடம், பிறகு கடை.

1. தாங்குவது எது, அடக்குவது எது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். டி-மாக்ஸில் முன்புறம் சுருள் ஸ்பிரிங்கும், பின்புறம் ஸ்பிரிங் பட்டைகளும் உள்ளன. பள்ளத்தில் விழுந்த சக்கரம் மேலெழும்போது ஸ்பிரிங் அமுங்கி ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. மறுகணம் அதைத் திருப்பித் தருகிறது. தடுப்பார் இல்லையெனில் வண்டி ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன். அதில் சிறு துளைகளும் வால்வுகளும். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் நெருக்கடியுடன் துளை வழியே பாய்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. பிஸ்டன் எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு எதிர்ப்பு எழும். நின்ற வண்டியில் அந்த எதிர்ப்பு இல்லை.

லோதி காலனியில் குடியிருக்கும் எனக்கு லோதி ரோடே இதற்கு ஆய்வுக்கூடம். ஒரு வேகத்தடையருகே நின்று பாருங்கள். நல்ல ஷாக் உள்ள வண்டி தடையைத் தாண்டியதும் ஒருமுறை எழுந்து உடனே அமைதியடையும். தேய்ந்த ஷாக் உள்ள வண்டியோ மூன்று நான்கு முறை தலையசைத்துக்கொண்டு போகும்.

2. ஒரு சிறு கணக்கு

ஆட்டம் அடங்கும் திறனை 'தணிப்பு விகிதம்' என்ற எண்ணால் குறிப்போம். அது ஷாக்கின் தணிப்பு எண்ணை, பொருண்மையையும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கிய தொகையால் வகுத்து வருவது. விகிதம் 1 என்றால் ஆட்டமே இராது; ஆனால் பயணம் கட்டைவண்டி போல இருக்கும். சாதாரண வண்டிகளில் அது 0.2 முதல் 0.4 வரை இருக்கலாம்.

உதாரணமாக, வெறும் வண்டியில் பின்புற ஸ்பிரிங்குகளின் மேல் 600 கிலோவும், விகிதம் 0.35உம் என்று கொள்வோம். ஒரு முழு ஆட்டம் முடிந்ததும் அதன் வீச்சு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இப்போது கேம்பரை ஏற்றுகிறோம். எடை 1,200 கிலோ ஆகிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவையே. விகிதம் 0.25 ஆகக் குறையும். மிஞ்சும் வீச்சு ஐந்தில் ஒரு பங்கு.

வண்டி பின்புறம் தாழ்ந்துவிட்டதே என்று கூடுதல் பட்டைகளைச் சேர்த்து விறைப்பையும் இரட்டிப்பாக்குகிறோம். வண்டி நிமிர்ந்து நிற்கும், உரிமையாளரும் மகிழ்வார். ஆனால் விகிதம் 0.175! ஓர் ஆட்டத்திற்குப் பின்னும் மூன்றில் ஒரு பங்கு வீச்சு மிஞ்சும். பட்டைகளுக்கிடையே உள்ள உராய்வு சிறிது உதவும். எனினும் அதை நம்பி இருக்க முடியாது. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் ஷாக்கின் தணிப்பு எண் இரு மடங்காக வேண்டும்.

இது வெறும் சுகத்தைப் பற்றிய கணக்கன்று. வண்டி மேலெழும் ஒவ்வொரு கணமும் டயர் தரையை அழுத்தும் விசை குறைகிறது. அந்தக் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் முழுமையாகப் பயன்தரா. கேம்பரின் எடையோ உயரத்தில் இருப்பது. மலைவளைவில் ஆட்டம் பக்கவாட்டில் திரும்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த வண்டியில் இருக்கப்போகிறவர்கள் நம் நண்பர்கள்.

3. உழைப்பைக் கெடுப்பது வெப்பம்

1,000 கிலோ எடை 5 சென்டிமீட்டர் எழுந்து தாழ்ந்தால் சுமார் 490 ஜூல் ஆற்றல். கரடுமுரடான பாதையில் நொடிக்கொரு முறை இவ்வளவு ஆற்றலை ஷாக்குகள் விழுங்குவதாகக் கொண்டால், அரைக் கிலோவாட் அடுப்பு அவற்றுள் இடைவிடாது எரிவதற்குச் சமம்.

வெப்பம் ஏறினால் எண்ணெய் இளகும், எதிர்ப்பு குறையும். காற்று கலந்தால் நுரைக்கும். நுரை எளிதில் அமுங்கிவிடுவதால் பிஸ்டன் பிடிப்பற்று ஓடும். ரப்பர் சீல் கடினப்பட்டுக் கசியும். புறப்படும் ஊரிலேயே கோடை உண்டு: லோதி ரோடு வானிலை நிலையம் மே, ஜூன் மாதங்களில் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டுவது வழக்கம். மலையில் குளிர்தானே என்று எண்ணலாம். ஆனால் மணாலி–லே பாதையில் தங்லங் லா கணவாய் சுமார் 5,300 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. மெல்லிய காற்று வெப்பத்தை மெதுவாகவே வாங்கிச் செல்லும்.

4. இரட்டைக் குழாயும் ஒற்றைக் குழாயும்

கடைகளில் பெரும்பாலும் இரு வகைகள் கிடைக்கும். இரட்டைக் குழாய் வகையில் உட்குழாயில் பிஸ்டன் இயங்கும். வெளிக்குழாய் எண்ணெய்ச் சேமிப்பு. விலை குறைவு. வெளியே கல் பட்டு நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை நிற்காது. ஆனால் உள்ளே பிறக்கும் வெப்பம் இரண்டாம் குழாயையும் கடந்தே வெளியேற வேண்டும்.

ஒற்றைக் குழாய் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் மிகுந்த அழுத்தத்தில் உள்ள நைட்ரஜனையும் பிரித்து வைக்கிறது. ஆகவே நுரைப்பது அரிது. எண்ணெய் வெளிச்சுவரையே தொட்டிருப்பதால் விரைவில் குளிரும். பிரெஞ்சுப் பொறியாளர் தெ கார்போன் வகுத்த இம்முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குத் தயாரித்தது. நம் நாட்டில் 1961இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா முதலிய நிறுவனங்களும் பலவகை ஷாக்குகளைச் செய்கின்றன. ஒற்றைக் குழாயின் குறை ஒன்று: சுவர் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

5. வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் எடைமேடைக்குச் செல்லுங்கள். தண்ணீர், எரிவாயு, மூட்டை முடிச்சு, ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த வரம்பை மீறியிருந்தால் எந்த ஷாக்கும் அதைச் சரிசெய்யாது. சாமானைக் குறைப்பதே வழி. கேம்பரின் எடைமையம் பின் அச்சுக்கும் பின்னால் போனால் முன்சக்கரங்கள் இலகுவாகி ஸ்டியரிங் பிடிப்பிழக்கும் என்பதையும் கவனிக்க. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது முறை.

இரண்டாவது, ஸ்பிரிங்கை முடிவு செய்யுங்கள். அதன் பிறகே ஷாக். வண்டியின் உயரம் மாறியிருந்தால் ஷாக்கின் நீளமும் மாற வேண்டும். முழுதும் அமுங்கும்போதும் முழுதும் நீளும்போதும் அது முட்டக்கூடாது. முட்டினால் எவ்வளவு விலையுயர்ந்ததும் சில நாளில் உடையும்.

மூன்றாவது, "எந்த அச்சு எடைக்கு வால்வு அமைத்தது?" என்று கேளுங்கள். கடினமானதெல்லாம் உறுதியானது என்று எண்ண வேண்டாம். அளவுக்கு மீறிக் கடினமானது ஒவ்வொரு அடியையும் சட்டத்திற்கும் கேம்பரின் மூட்டுகளுக்கும் கடத்தும். தடித்த தண்டு, அகன்ற பிஸ்டன், மிகுந்த எண்ணெய், நல்ல ரப்பர் புஷ், சீரான வெல்டிங் ஆகியவையே உழைப்பின் அடையாளங்கள். பிஸ்டன் அகன்றால் குறைந்த அழுத்தத்திலேயே அதே விசை கிடைக்கும். சீலுக்கும் ஆயுள் கூடும்.

6. வழியில் சோதிப்பது

ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்திருக்கிறதா, போல்ட்டு நட்டு தளர்ந்ததா, டயர் அலையலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று அன்றாடம் பாருங்கள். கரடான பாதையில் ஓடி நின்றதும் கையுறையுடன் அருகில் கை வைத்துப் பார்த்தால், ஒரே அச்சின் இரண்டும் ஒத்த சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுக.

நம் நண்பர்களுக்கு நான் சொன்ன முடிவு இது: நிறுத்த எடைக்கேற்ப வால்வு அமைத்த, அகன்ற ஒற்றைக் குழாய் ஷாக்குகளை நான்கு சக்கரத்திற்கும் போடுங்கள், பின்புறத்தவற்றிற்குக் கல் படாதிருக்கத் தகட்டுக் காப்பு வையுங்கள். இப்போது உள்ள இரட்டைக் குழாய் ஷாக்குகளில் நல்லவற்றை எறியாமல் உடன் கொண்டு செல்லுங்கள். பொருந்தும் நீளமாயின், ஒன்று போனாலும் மெதுவாக ஊர் வந்து சேர அவை உதவும். எல்லாவற்றிற்கும் மேலாக, அலையலையான பாதையில் வேகத்தைக் குறையுங்கள். ஷாக் அப்சார்பரின் ஆயுளைச் செலவின்றி நீட்டும் வழி அதுவே.

அடுத்த ஞாயிறு அவர்கள் எடைமேடைக்குப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் அறிவியல் மாணவர்கள் என்னுடன் வரலாம். பென்சிலும் தாளும் போதும்.