இப்பன்கட்டுவவும் கியூஆர் கட்டமும்

தம்புள்ளையிலிருந்து குருநாகல் வீதியில் கொஞ்ச தூரம் போனால் இப்பன்கட்டுவ. நான்கு புறமும் கற்பலகை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்த பெருங்கற்காலக் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. காலம் ஏறத்தாழ கி.மு. 700க்கும் 450க்கும் இடையில்.

இன்றோ கல்லறைக் கல்லில் கியூஆர் குறியீட்டைப் பதிக்கிறார்கள்; கைத்தொலைபேசியைக் காட்டினால் இறந்தவரின் படமும் குரலும் உள்ள இணையப் பக்கம் திறக்கும். “மயானத்துக்குள் கியூஆரும் கைத்தொலைபேசியும் வருவது செத்தவர்களுக்கு அவமரியாதை, நம் முன்னோர் இப்படிச் செய்தார்களா?” என்று கேட்பவர்கள் அந்தக் கல்லறைகளில் கிடைத்தவற்றைப் பார்க்க வேண்டும். இரும்பு, செம்பு, பொன், அத்துடன் இலங்கையில் கிடைக்காத மணிக்கற்கள் கோத்த மாலைகள். கடல் கடந்து வந்த அரும்பொருளை இறந்தவரோடு வைக்க அவர்கள் தயங்கவில்லை.

“யாரோ வேவு பார்க்கிறார்கள்” என்பது இன்னொரு பயம். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளில் திடீரென கியூஆர் ஒட்டிகள் முளைத்தன. பொலிஸ் விசாரித்தது. கடைசியில், கற்களைச் சுத்தம் செய்யும் தோட்டப் பராமரிப்பு நிறுவனம் தன் வேலைக் கணக்குக்காக ஒட்டியதாம்! ஆனாலும் கேட்காமல் ஒட்டியது தவறுதான்.

“கல் கீறினால் கியூஆர் செத்துப்போகும்” என்பதும் சரியல்ல. ஜப்பானில் 1994இல் உருவான இந்தக் குறியீட்டை உச்சத் திருத்த அளவில் அமைத்தால், சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கலாம்.

சாவது குறியீடு அல்ல, அது காட்டும் பக்கம். “கல்லில் பதித்துவிட்டோம், இனி அழியாது” என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. படம், குரல், வாழ்க்கைக் குறிப்பு எதுவும் கல்லில் இல்லை. அங்கே இருப்பது ஓர் இணைய முகவரி மட்டுமே. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: முகவரி யார் பெயரில் பதிவாகிறது? வருடாவருடம் காசு கட்டுவது யார்? கடை மூடினால் படங்கள் யார் கையில்? பெயரையும் திகதியையும் எப்படியும் கல்லிலேயே வெட்டிவிடுங்கள்.

“செத்தவருக்கு என்ன அந்தரங்கம்?” என்பாரும் உண்டு. ஐரோப்பியத் தரவுச் சட்டம் உயிரோடிருப்பவர்களோடு நின்றுவிடுகிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தரவுக்கு உரியவர் யார் என்ற வரையறையில் இறந்தவரையும் சேர்த்திருக்கிறது.

எதிர்ப்பவர் எல்லாரும் பழமைவாதிகள் என்பதும் தவறு. முஸ்லிம்களுக்கு, மையவாடியில் கபுறு எளிமையாக இருக்க வேண்டும் என்பது மார்க்கம் சார்ந்த பிடிப்பு. தகனம் செய்யும் சைவக் குடும்பங்களுக்குக் கல்லே இல்லை. அவர்கள் செத்தவீட்டு முற்றத்தில் கமராவை நிறுத்தி, லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகளுக்கு நேரலையில் கிரியையைக் காட்டுகிறார்கள். அதை யாரும் அவமரியாதை என்று சொல்வதில்லை.