விட்டிங்டன் தாங்குமா?

லண்டன் ஆர்ச்வேயில் தாயாருடன் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: இன்னொரு கொள்ளைநோய் வந்தால் எங்கள் விட்டிங்டன் வைத்தியசாலை தாங்குமா? அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும் உண்டு, ஆங்கிலம் பேச வராது.

திட்டம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படியான வைத்தியசாலைகள் அவசரநிலைத் திட்டம் வைத்திருந்தே ஆகவேண்டும். 2016 அக்டோபரில் ‘சிக்னஸ்’ என்ற பெயரில் இன்ஃபுளுவென்சா ஒத்திகையும் நடந்தது. ஆனாலும் 2020 மார்ச்சில், நம்மவர்கள் நிறைந்த ஹரோவை ஒட்டிய நோர்த்விக் பார்க் வைத்தியசாலையில் தீவிர சிகிச்சைக்கு இடமில்லாமல் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நாடு தவறான கொள்ளைநோய்க்குத் தயாராகியிருந்தது என்று கோவிட் விசாரணையின் முதல் அறிக்கை 2024 ஜூலையில் சொன்னது.

அதனால் நான் திட்டக் கோப்பைப் பார்ப்பதில்லை. சாதாரண நாளில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பேன். 2025 ஜனவரியில் விட்டிங்டன், கொரிடோரில் கிடக்கும் நோயாளரைப் பார்க்கவென்றே தாதியருக்கு விளம்பரம் கொடுத்தது. வழமையான குளிர்காலத்துக்கே கொரிடோர் வார்டாகிவிட்டால் கொள்ளைநோய்க்கு எந்த மூலை மிச்சம்? இதற்கு அங்கு வேலை செய்பவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பிரித்தானியாவில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 2.5 கட்டில்கள்தான், ஜெர்மனியில் 7க்கு மேல். அவசரத்தில் கட்டிலைச் சேர்த்துவிடலாம், ஆளைச் சேர்க்க முடியாது. 2020 ஏப்ரலில் எக்ஸெல் மண்டபத்தில் 4,000 கட்டில்கள் வரை போடக்கூடிய நைட்டிங்கேல் வைத்தியசாலையைச் சில நாட்களில் எழுப்பினார்கள். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் நூறு பேர்கூட இல்லை. தீவிர சிகிச்சை தெரிந்த தாதியர் வேறெங்கும் சும்மா இருக்கவில்லையே.

விட்டிங்டன் நிர்வாக சபை பொதுமக்கள் முன்னிலையில் கூடுகிறது. அங்கே கேள்வி அனுப்பலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் எழுதலாம், 20 வேலைநாட்களுக்குள் பதில் தரவேண்டும். ஆனால் ‘தயாரா?’ என்று கேட்காதீர்கள். எண்ணைக் கேளுங்கள்.

முதலில் ஒட்சிசன். எத்தனை சிலிண்டர் என்பதில் விஷயமில்லை. பெரிய வைத்தியசாலைகளில் திரவ ஒட்சிசன் வெளியே தொட்டியில் இருக்கும். அதை வாயுவாக்கிக் குழாய்வழியே வார்டுகளுக்கு அனுப்புவார்கள். நிமிடத்துக்கு இத்தனை லீட்டர் என்று அதற்கொரு எல்லை உண்டு. எல்லை மீறி இழுத்தால் வாயுவாக்கும் கருவியில் பனி உறையும், குழாயில் அழுத்தம் விழும். தொட்டி நிறைந்திருக்க, கட்டிலருகே மூச்சு முட்டும். 2020 ஏப்ரலில் வாட்ஃபோர்ட் வைத்தியசாலை ஒட்சிசன் வசதியில் ஏற்பட்ட சிக்கலால் ‘அவசரமென்றாலும் இங்கே வராதீர்கள்’ என்று சொல்லும் நிலைக்கு வந்தது. ஆகவே கேள்வி இது: நிமிடத்துக்கு உச்ச அளவு எவ்வளவு, 2020க்குப் பிறகு கூட்டினீர்களா?

அடுத்து, கழிவறையோடு கூடிய தனி அறைகள் எத்தனை? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ரயில் நிலையம் கட்டவென்று கிங்ஸ் குரொஸ் பக்கமிருந்து பெரியம்மை வைத்தியசாலையை ஹைகேட் குன்றுக்கு மாற்றினார்கள். அந்த இடம்தான் பின்னாளில் விட்டிங்டனோடு சேர்ந்தது. தொற்றுநோயாளரைத் தனியே வைக்கவேண்டும் என்பது அந்தக் குன்றுக்குப் பழைய பாடம். ‘எஃப்எஃப்பி3’ முகக்கவசம் எத்தனை ஊழியர்களின் முகத்துக்குப் பொருத்திப் பரிசோதிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். ஒரே அளவு எல்லோருக்கும் சரிவராது. சிறிய முகமுள்ள பெண்களுக்கு இடைவெளி விழும்.

இனி வீட்டுக் காரியம். 2020இல் பார்வையாளரை உள்ளே விடவில்லை. அம்மா தனியே போனால் அவருக்காகப் பேசப்போவது ஒரு தாள்தான். மருந்துகள், அளவு, ஒவ்வாமை, என்எச்எஸ் இலக்கம், அழைக்கவேண்டிய தொலைபேசி, ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை’ என்ற வரி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி அவர் கைப்பையில் வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம். பேரப்பிள்ளையைப் பேசவிட வேண்டாம். கெட்ட செய்தியைப் பிள்ளை மென்று விழுங்கிவிடும்.

விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவி ஒன்றும் வாங்குங்கள். 95 அல்லது அதற்கு மேல் என்றால் வழமை. 93, 94 என்றால் 111க்கு அழையுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் 999. ஆனால் கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் அம்மா நலமாக இருக்கும்போதே சில நாட்கள் அளந்து குறித்துவையுங்கள். எப்போதும் 98 காட்டுபவருக்கு 94 வந்து மூச்சும் வாங்கினால், 92 வரட்டும் என்று காத்திருக்காமல் 999க்கு அழையுங்கள்.