நவராத்திரிச் சுண்டலும் நீராவிக் கணக்கும்

நவராத்திரி நெருங்கினால் நம் ஆரியசாலைக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் வந்து சேர்வார்கள். சரஸ்வதி தேவி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும், குமாரசுவாமி நம் ஆரியசாலைக் கோயிலிலும் எழுந்தருள்வது வழக்கம். கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த வருகை நிற்கவில்லை. பிழைப்புக்காக இங்கே வந்து தங்கிவிட்ட நமக்கு, ஊரிலிருந்து சாமியே நம்மைப் பார்க்க வந்ததுபோல் ஒரு நிறைவு.

அந்த ஒன்பது நாட்களும் வீட்டுக்கு வீடு சுண்டல். ஒரு வீட்டில் முழுக்கடலை வாயில் போட்டால் வெண்ணெயாக இருக்கும். அடுத்த வீட்டில் பல்லுக்குச் சோதனை. மூன்றாவது வீட்டில் தோல் கழன்று கூழாகியிருக்கும். மூன்று வீட்டிலும் அதே கடலை, அதே பிரஷர் குக்கர். "எத்தனை விசில் விட்டீர்கள்?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கேள்வியிலேயே பிழை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சமையலைப் பற்றி ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே எஞ்சினியர் எழுதுவானேன் என்று சகோதரிகள் நினைக்கலாம். குக்கர் என்பது அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன பாய்லர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பாய்லரின் பாட்டன்

குக்கரைக் கண்டுபிடித்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தம் பாத்திரத்தைக் காட்டினார். எலும்பைக்கூட அதில் மெதுவாக வேகவைத்தார். 1682 ஏப்ரலில் அந்தச் சங்கத்தாருக்கு அதில் சமைத்து ஒரு விருந்தும் நடந்தது. அழுத்தம் மிஞ்சிப் பாத்திரம் வெடிக்காமலிருக்க, எடை தொங்கவிட்ட ஒரு சேஃப்டி வால்வையும் அவரே அமைத்தார். பிற்காலத்தில் ரயில் எஞ்சின் பாய்லர்களின் தலையில் உட்கார்ந்த சேஃப்டி வால்வுக்கு அதுவே முன்னோடி. ஆக, ரயிலுக்கு முன்பே சமையலறை நீராவியை அடக்கிவிட்டது!

திருவனந்தபுரம் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே பருப்பு வேகத் தாமதமாகிறது. குக்கரில் இதற்கு நேர்மாறு. வீட்டுக் குக்கரின் வெயிட், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் வந்த பிறகே தூக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரிக்குப் போன பிறகுதான் கொதிக்கும். 10 டிகிரி கூடினால் வேகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வேகும் கடலை குக்கரில் கால் மணியில் வேகும் ரகசியம் இதுதான்.

விசில் கடிகாரம் அல்ல

விசில் என்பது என்ன? தேவைக்கு மேல் உண்டான நீராவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் சத்தம், அவ்வளவே. அடுப்பு பெரிதாக எரிந்தால் நிமிடத்துக்கு ஒன்று வரும். சிறிதாக எரிந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். 3 லிட்டர் குக்கரும் 7 லிட்டர் குக்கரும் ஒரே இடைவெளியில் விசில் அடிப்பதில்லை. பிறகு "ஐந்து விசில்" என்பதற்கு என்ன அளவு?

வீணாவது எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். விசில் வழியே போகும் ஒவ்வொரு கிராம் ஆவியும் இவ்வளவு கேஸைத் தூக்கிக்கொண்டு போகிறது. நான் பணியில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்களின் கடைசிக் காலம். ஸ்டேஷனில் நிற்கும்போது சேஃப்டி வால்வ் திறந்து ஆவி பீறிட்டால் ஃபயர்மேனுக்குத் திட்டு விழும். கரியை வீணாக்குகிறான் என்று பொருள். நம் வீடுகளிலோ அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் சமையல் நடக்கிறது என்ற திருப்தி!

சரியான முறை இது: முதல் விசில் வரும்வரை அடுப்பு பெரிதாக எரியட்டும். விசில் வந்ததும் சிம்மில் வைத்து, அந்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட் மெல்ல ஆடி, அவ்வப்போது லேசாக ஆவி விட்டால் உள்ளே அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

முந்தின இரவே பாதி சமையல்

முழுப் பயறு எதுவானாலும் 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும். மறந்துவிட்டால், இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். ஊறும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டால் தோல் மிருதுவாகும், எளிதில் வெடிக்காது. உப்புப் போட்டால் கடலை வேகாது என்பது பழைய பயம். வேகவிடாமல் செய்வது புளிதான். புளிப்பு, பயறின் அணுக்களை ஒட்டவைக்கும் பசையை இளகவிடாது. ஆகவே புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகே. கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீராக இருந்தாலும் வேகத் தாமதமாகும், குடிநீரில் வேகவையுங்கள். சோடா உப்பு வேகவைக்கும், ஆனால் சோப்பு வாடையும் தரும், தயமின் என்ற வைட்டமினையும் அழிக்கும். நன்றாக ஊறியதற்கு அது தேவையில்லை.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் நுரைத்துப் புளிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பல மாதம் இருந்த பயறு எத்தனை நேரம் வைத்தாலும் மசியாது. இங்கே இரண்டும் தாராளம். சாலைக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று வருடத்துக்கு வாங்கிப் போடாமல், இரண்டு மாதத்துக்கு வாங்கி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: கடையில் காராமணி, தட்டைப்பயறு என்றால் புரியாமல் போகலாம், வன்பயறு என்று கேளுங்கள். பாசிப்பயறு இங்கே செறுபயறு. கொள்ளு, திருநெல்வேலிக்காரர்களுக்குக் காணம், இங்கே முதிர. பரங்கிக்காய் மத்தன்.

நேரக் கணக்கு

எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியல் இது. எல்லாம் ஊறிய பயறுக்கு. முதல் விசிலுக்குப் பின் சிம்மில் வைத்த நிமிடங்கள்:

பாசிப்பயறு – 3 முதல் 4
வன்பயறு – 5 முதல் 6
காய்ந்த மொச்சை – 10 முதல் 12
கொள்ளு – 12 முதல் 15
வெள்ளைக் கொண்டைக்கடலை – 12 முதல் 15
ராஜ்மா – 15 முதல் 20
கறுப்புக் கொண்டைக்கடலை – சுண்டலுக்கு 15 முதல் 18, குழம்புக்கு 25

பயறு பழையதானால் சற்றுக் கூட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் மின்சாரக் குக்கர்கள் பலவற்றில் அழுத்தம் இதைவிடக் குறைவு. கால் பங்கு நேரம் கூட்டச் சொல்லுங்கள்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் அழுத்தம் சட்டென்று இறங்கும். கடலைக்குள் 120 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். மூன்றாவது வீட்டுச் சுண்டல் கூழானதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்று பதார்த்தங்கள்

கடலைச் சுண்டல்: நைவேத்தியத்தை ருசி பார்க்க முடியாது. அதனால் அளவுதான் நமக்கு நாக்கு. 250 கிராம் கறுப்புக் கடலையை ஊறவைத்து வடித்து, 600 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உப்போடு வேகவையுங்கள். ஆவி அடங்கிய பின் கால் மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே கிடந்தால் உப்பு உள்ளே இறங்கும். பிறகு வடித்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டி, தேங்காய்த் துருவல் தூவுங்கள். வடித்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வையுங்கள். அந்த ரசத்துக்குத் தனி உப்பைப் பார்த்துப் போடவும்.

எரிசேரி: நம் அண்டை வீட்டாரிடம் நாம் கற்றது. 100 கிராம் வன்பயறை வேகவைத்து எடுத்து, கால் கிலோ மத்தனை மஞ்சள்தூள், உப்புச் சேர்த்துத் தனியே வேகவைத்து லேசாக மசியுங்கள். இரண்டையும் சேர்த்து, அரைமூடித் தேங்காயில் பாதியைச் சீரகம், மிளகாய் வற்றலோடு அரைத்துவிட்டு ஒரு கொதி. மீதித் தேங்காயைக் கடுகு, கறிவேப்பிலையோடு தேங்காய் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே கொட்டுங்கள். இந்த வறுத்த தேங்காய்தான் எரிசேரியின் உயிர்.

மொச்சைக் குழம்பு: நம் ஊர் ருசி. மொச்சையைக் குக்கரில் வேகவையுங்கள். வேறு சட்டியில் நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, குழம்புப் பொடியும் புளிக்கரைசலும் ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, கடைசியில் மொச்சையைச் சேருங்கள். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும்.

ராஜ்மாவுக்கு ஓர் எச்சரிக்கை

வேகாத சிவப்பு ராஜ்மாவில் ஒரு நஞ்சு உண்டு. நான்கைந்து பச்சை விதையே கடும் வாந்தி, பேதியை உண்டாக்கப் போதும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதித்தால் நஞ்சு அழியும். குக்கரில் மேலே சொன்ன நேரம் தாராளம். ஆனால் மேல்நாடுகளில் புழங்கும், மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வைக்கும் மின்சாரப் பானைகளில் அப்படியே போடக்கூடாது. 80 டிகிரிச் சூட்டில் நஞ்சு அழியாதது மட்டுமல்ல, பச்சையைவிடக் கூடுதலாகவும் ஆகும். கொதிக்கவைத்த பிறகே அந்தப் பானை.

எங்கள் வீட்டில் நடந்தது

நான்கு வருடங்களுக்கு முன், நவராத்திரி ஆறாம் நாள். என் மனைவி வன்பயறு வைத்திருந்தாள். நிறையப் பேர் வருவார்கள் என்று குக்கரில் முக்கால்வரை போட்டிருந்தாள். எங்கள் கணக்கு மூன்று விசில். இரண்டு வந்தன; மூன்றாவது வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். சிறிது நேரம் கழித்து வெயிட்டைத் தூக்கினாள். 'உஸ்' என்ற சத்தம் இல்லை. ஆவி அடங்கிவிட்டது என்று மூடியைத் திருகினாள். எங்களுடையது மூடி வெளியே அமையும் வகை. உள்ளே இருந்த அழுத்தம் மூடியை எறிந்தது. வலது முன்கை முழுக்க வெந்துவிட்டது. காயம் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. தழும்பு இன்றும் இருக்கிறது.

மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆவிக்குழாயில் ஒரு பயற்றுத் தோல் அடைத்திருந்தது.

லோகோ ஷெட்டில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அப்படியே நம்பாதே என்பது. அதன் வழி அடைத்திருந்தால் காட்டும் மட்டம் பொய். முதலில் குழாயைத் திறந்து ஆவியும் தண்ணீரும் ஓடவிட்டு, வழி திறந்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகே படிக்க வேண்டும். அந்தப் பாடத்தைப் பல இளைஞர்களுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுச் சின்ன பாய்லரை மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அது அவள் வேலை என்று இருந்துவிட்டேன். சத்தம் இல்லாததால் அழுத்தம் இல்லை என்று அவள் நம்பியதில் தவறு அவளுடையதன்று. வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தராதவன் நான்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மூடும் முன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். பயறும் தண்ணீருமாகப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். வழக்கமான நேரத்தில் ஆவி வராவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். வலிந்து மூடியைத் திறக்க வேண்டாம். காஸ்கெட் இறுகி வெடித்திருந்தால் மாற்றுங்கள். சேஃப்டி வால்வ் உருகிப் போனால் அதே கம்பெனியின் புதியதையே போடுங்கள். ஈயம் வைத்து அடைப்பது உயிரோடு விளையாடுவது. புதுக் குக்கர் வாங்கினால் ஐ.எஸ். 2347 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் அது சட்டப்படி கட்டாயம்.

இப்போது எங்கள் வீட்டில் குக்கர் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வேலை. பயறை முந்தின இரவு ஊறப்போடுவதும் நான்தான். தாளிப்பு மட்டும் இன்னும் அவள் கையில். வரும் நவராத்திரிக்குக் குமாரசுவாமியைத் தரிசிக்க ஆரியசாலை வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். சுண்டல் பதமாக இருக்கும். எத்தனை விசில் என்று மட்டும் கேட்காதீர்கள்.