நாய்க்குட்டிக்குச் சாம்பார்ச் சோறு தகுமா?

சென்ற மார்கழியில் தில்லியில் எங்கள் விடுதிப் படிக்கட்டின் கீழ்த் தெருநாயொன்று நான்கு குட்டிகளை ஈன்றது. ஊரைவிட்டு வந்த எங்களுக்கு அவை உறவாயின. அவை பால் மறக்கும் பருவம் வந்ததும், ஞாயிறுதோறும் நாங்கள் சமைக்கும் வெங்காயச் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து நானே ஊட்டினேன். நான்காம் நாள் ஒரு குட்டி சோர்ந்து படுத்தது. அதன் ஈறுகள் வெளுத்திருந்தன. சிறுநீர் கறுத்துச் சிவந்திருந்தது. கால்நடை மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, “வெங்காயம் கொடுத்தீர்களா?” என்பதே. குட்டி பிழைத்தது. உயிர் வேதியியல் பயிலும் நான் தலைகுனிந்தேன்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தீங்கு செய்யப் போதுமானது. இரண்டு கிலோக் குட்டிக்கு ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயமே பகை! தீங்கு உடனே தெரியாது. சில நாள் கழித்தே வெளிப்படும். நான் ஏமாந்ததும் அதனாலேதான்.

புளியும் ஐயத்திற்குரியதே. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவது முன்பே அறிந்த செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாகலாம் என்னும் கருத்து 2021இல் வெளியாயிற்று. அவ்வமிலம் புளியில் மிகுதி. புளி தின்ற நாய்களுக்கும் அதே கேடு நேர்ந்ததை மருத்துவர்கள் பதிந்துள்ளனர்.

சாக்லேட்டிலுள்ள தியோபுரோமினில் பாதியை வெளியேற்ற நாயின் உடலுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. நமக்கோ அதில் பாதியளவு நேரமே போதும். சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலுள்ள சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைப் பெருகச் செய்து, இரத்தச் சர்க்கரையை விரைந்து வீழ்த்தும். நமக்கோ அது வெறும் இனிப்பு.

அப்படியாயின் சோறும் ஆகாதோ? ஆகும். ஓநாயிடம் இல்லாத ஓர் ஆற்றல் நாய்க்கு உண்டு. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரு படிகளே. நாயிடம் 4 முதல் 30 வரை உள்ளன என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து மாவுணவுக்குப் பழகிய இனம் அது. ஆனால் எல்லாவற்றுக்கும் பழகிவிடவில்லை.

ஆகவே நண்பர்களே, உப்பும் மசாலாவும் சேராத குழைந்த சோறு, எலும்பு நீக்கி அவித்த கோழிக்கறி, அவித்த முட்டை, வெந்த கேரட் ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம். வெந்த எலும்பு வேண்டா. அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலைத் தரும். தாய்நாயின் பாலிலுள்ள கொழுப்பிலும் புரதத்திலும் ஏறத்தாழப் பாதியே அதில் உண்டு. ஆகாததைத் தின்றுவிட்டால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

நமக்கு நல்லது அதற்கும் நல்லது என்று எண்ணுவது அன்புதான். ஆயினும் அறியாமை கலந்த அன்பு. பிழைத்த குட்டி இன்றும் உணவுக்கூட வாயிலில் வாலாட்டி நிற்கிறது. சாம்பாரை நாம் உண்போம். அதற்கு வெறுஞ்சோறு வைப்போம்.