அரசாங்கக் கடிதமும் ஏஐயும்: கேட்கத் தெரிந்து கேட்போம்



போன தீபாவளிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது, சாமி மேடைக்குக் கீழே உள்ள டிராயரில் பிரிக்காத கடிதங்கள் ஒரு கட்டு கிடைத்தது. எல்லாமே என் தாத்தா பெயருக்கு வந்தவை. தாத்தா காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. "அவரு பேருக்கு வந்ததை நான் எப்படிய்யா பிரிப்பேன்? அதான் சாமிகிட்டயே வெச்சுட்டேன்" என்றார் பாட்டி.

அதில் ஒன்று நில அலுவலகத்திலிருந்து வந்த பதிவுத் தபால். மேலே 'போராங் 6ஏ' என்று இருந்தது. எனக்கு எஸ்பிஎம்மில் மலாய் நன்றாகவே வந்தது. ஆனால் சட்ட மலாய் வேறு. இரண்டு வரி படித்ததும் தலை சுற்றியது. உடனே கைப்பேசியில் படம் எடுத்து ஏஐயிடம் போட்டு, "இதைத் தமிழில் சுருக்கிச் சொல்" என்றேன். "இது நிலவரி பாக்கியைக் கட்டச் சொல்லும் நினைவூட்டல்" என்று அழகான தமிழில் பதில் வந்தது.

நினைவூட்டல்தானே, தீபாவளி முடிந்து பார்க்கலாம் என்று கடிதத்தை மடிக்கப் போனேன். அப்போதுதான் கடைசிப் பத்தியில் 'டிலுச்சுட்ஹாக்கான்' என்ற சொல் கண்ணில் பட்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் தனியாகக் கேட்டேன். நில உரிமை பறிபோகும் என்று அர்த்தம்!

விஷயம் இதுதான். தீபகற்ப மலேசியாவில் நிலவரியை மே 31-க்குள் கட்ட வேண்டும். ஜூன் 1 முதல் அது பாக்கி. பாக்கி தொடர்ந்தால், 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி நில அலுவலகம் 6ஏ பாரத்தை அனுப்பலாம். மூன்று மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால் அந்த நோட்டிஸ் அதோடு முடிந்தது. கட்டாவிட்டால் நிலத்தை மாநில அரசு எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது தாத்தா தன் சேமநிதிப் பணத்தில் வாங்கிய நிலம் அது. அந்த நிலத்து வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

"கடைசி நாள் எப்போது?" என்று ஏஐயிடம் கேட்டேன். கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணி, "காலக்கெடு முடிந்துவிட்டது" என்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்? மூல வரியை அப்படியே காட்டு" என்றேன். காட்டிய வரியில் 'பெஞாம்பாயான்' என்று இருந்தது. அதாவது, நோட்டிஸ் சேர்ப்பிக்கப்பட்ட நாள். கடிதம் எழுதிய நாள் இல்லை. பாட்டியிடம் கேட்டேன். "ஆடிப்பூரத்துக்கு மறுநாள் வந்துச்சு, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன்" என்றார். எண்ணிப் பார்த்தால் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. மறுநாள் காலையிலேயே மாமாவும் நானும் நில அலுவலகம் போய், தேதியை முகப்பிடத்தில் உறுதி செய்துகொண்டு, முழுத் தொகையும் கட்டினோம்.

ஏன் இப்படி நடந்தது? ஏஐ, பொருத்தமாக அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதும் கருவி. தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் அதன் குரலில் வித்தியாசம் இருக்காது. சுருக்கச் சொன்னால் எதையாவது விடத்தான் செய்யும். அப்படி விட்டதே முக்கியமான வரியாக இருந்துவிடலாம். அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கடினமான சொல்லை எனக்குப் புரிய வைத்ததும் அதே ஏஐதான். நாம் கேட்கும் முறைதான் மாற வேண்டும். நான் கற்றுக்கொண்டவை இவை:

1. முதலில் மறையுங்கள். பெயர், முகவரி, ஐசி எண், கணக்கு எண் ஆகியவற்றின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். ஐசியின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. அதைக் கண்ட இடத்தில் கொடுக்கக் கூடாது.

2. சுருக்கம் கேட்காதீர்கள், கேள்வி கேளுங்கள். அனுப்பியது யார்? என்ன செய்யச் சொல்கிறார்கள்? எந்த நாளுக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு பதிலுக்கும் கடிதத்தின் மூல வரியைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரி உண்மையிலேயே கடிதத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

3. தேதி, தொகை, சட்டப் பிரிவு எண் மூன்றையும் உங்கள் கண்ணால் படியுங்கள். தாள் மடிந்த இடத்தில் 1 என்பது 7 ஆகத் தெரியலாம்.

4. கடிதம் அசலா போலியா என்பதை ஏஐ சொல்லும் பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கே போன் செய்யவும் வேண்டாம். அந்த அலுவலகத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் எண்ணை எடுத்துக் கேளுங்கள். அரசாங்கத் தளங்களின் முகவரி 'டாட் கவ் டாட் எம்ஒய்' என்று முடியும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள்.

5. கடைசிப் பதில் முகப்பிடத்தில்தான். அங்கே என்ன கேட்க வேண்டும் என்று தயார் செய்ய ஏஐ உதவும். முடிவை அதிகாரியிடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் அப்படிப் போனதால்தான், நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பதும் அதை மாற்ற மனு செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறுவதும் உழவாரப் பணி செய்வதும் தொண்டு என்றால், படிக்கத் தெரியாத ஒருவருக்குக் கடிதத்தைப் படித்துச் சொல்வதும் தொண்டுதான். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருப்போம். மற்றவர்களின் கடிதப் படம் நம் கைப்பேசியில் தங்கக் கூடாது, அதில் உள்ள விஷயம் நம் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது.

அதற்கு முன்னால், இந்த வாரம் உங்கள் வீட்டு டிராயரை ஒரு தடவை திறந்து பாருங்கள். பாட்டியோ பெரியம்மாவோ "அது ஒன்னும் இல்லப்பா, பழைய கடுதாசி" என்று சொன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படியுங்கள்.