பாற்புட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

தறிக்கு நூல் வாங்குங்கால் அதன் நம்பரைக் கேட்கிறோம். முறுக்கை விரலால் சோதிக்கிறோம். விதை வாங்குங்கால் அதன் முளைப்புத் திறனை விசாரிக்கிறோம். ஆயின், பச்சிளங் குழந்தையின் வாயில் வைக்கும் பாற்புட்டியை மட்டும் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். நம் அங்கத்தினர் குடும்பங்களில் தாய்மார் தறியிலும் வயலிலும் உழைக்க வேண்டியிருப்பதால், இதைக் குறித்துச் சிறிது ஆராய்தல் அவசியமாகிறது.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்வோமாக. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே குழந்தைக்குப் போதுமான ஆகாரம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய் வேலைக்குச் செல்லும் நாளிலும், பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்துச் சென்றால், வீட்டிலுள்ளோர் அதைச் சங்கினாலோ சிறு கிண்ணத்தினாலோ புகட்டலாம். நம் பாட்டிமார் கையாண்ட சங்குக்குக் காம்பும் இல்லை, அழுக்குத் தங்கும் இடுக்கும் இல்லை, கழுவுவதும் எளிது. வேறு வழியில்லாதபோதே புட்டியை நாட வேண்டும்.

இனி, புட்டி எதனால் ஆனது என்று பார்ப்போம். முன்னர்க் கண்ணாடிபோல் பளபளத்த கெட்டியான பிளாஸ்டிக் புட்டிகள் பல, பாலிகார்பனேட் என்னும் பொருளால் ஆனவை. அதை உண்டாக்கப் பயன்படும் பிஸ்பினால்-ஏ என்னும் ரசாயனம், சூடான பாலிலும் நீரிலும் சிறிது சிறிதாகக் கசியக்கூடியது. உடலுக்குள் சென்றால் பெண்மைச் சுரப்பு நீரைப்போல் வேலை செய்யவல்லது. ஆகவே பாற்புட்டிகளில் இதனைக் கனடா 2010-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும், அமெரிக்கா 2012-லும் விலக்கின. நம் நாட்டிலும் பிளாஸ்டிக் பாற்புட்டிகளுக்கான ஐ.எஸ். 14625 என்னும் தரநிர்ணயம் 2015-ல் திருத்தப்பட்டு, பாலிகார்பனேட் விலக்கப்பட்டது. பழைய புட்டி வீட்டில் இருந்தாலும், உறவினர் கொடுத்தாலும், அதைக் குழந்தைக்குப் பயன்படுத்தலாகாது.

1992-ஆம் ஆண்டின் குழந்தைப்பால் மாற்றுப் பொருள்கள், பாற்புட்டிகள் குறித்த மத்தியச் சட்டத்தின்படி, தரமுத்திரை பெறாத புட்டியை விற்பது குற்றம். ஆதலின் உறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்தே வாங்குக. சந்தையில் உறையின்றிக் குவித்து விற்கப்படும் மலிவுப் புட்டிகளை ஒதுக்குக.

சூட்டைத் தாங்கும் கண்ணாடிப் புட்டியில் ரசாயனக் கசிவு அச்சம் இல்லை. கீறலும் எளிதில் விழாது. ஆனால் உடையக்கூடியது, விளிம்பு சிறிது பெயர்ந்தாலும் எறிந்துவிட வேண்டும். எவர்சில்வர் புட்டி உடையாது. எனினும் உள்ளே பால் ஒட்டியிருப்பது வெளியே தெரியாதாகையால், அகன்ற வாயுடையதாக வாங்குதல் நலம். பிளாஸ்டிக்கே வாங்க நேர்ந்தால், அடியில் முக்கோணத்துள் 5 என்ற எண்ணுடைய பாலிபுரொப்பிலீன் புட்டி, பிஸ்பினால்-ஏ கலவாதது.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இவ்வகைப் புட்டியில் வெந்நீரை ஊற்றிக் குலுக்கினால், கண்ணுக்குப் புலனாகாத பிளாஸ்டிக் துகள்கள் லிட்டருக்குப் பல லட்சக்கணக்கில் உதிர்கின்றன என்று அயர்லாந்து ஆராய்ச்சியாளர் 2020-ல் கண்டனர். இதனால் விளையும் தீங்கின் அளவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. தவிர்க்கும் வழியோ மிக எளிது. பால்பவுடரிலும் கிருமி இருக்கக்கூடுமாதலால், கொதித்து இறங்கிய நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள், எவர்சில்வர் பாத்திரத்தில் பவுடரைக் கலந்து, வெதுவெதுப்பாக ஆறிய பின்னரே புட்டியில் ஊற்றுக. குடித்து மிஞ்சிய பாலை அடுத்த வேளைக்கு வைக்கலாகாது.

எப்புட்டியானாலும் கழுவாவிடில் நஞ்சே. ரசாயனத்தைவிட விரைவில் குழந்தையை வீழ்த்துவது வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு முறையும் புட்டி, காம்பு, மூடி ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துத் தேய்த்துக் கழுவி, நீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவிடுக. காம்பு பிசுபிசுத்தாலும் வெடித்தாலும், பிளாஸ்டிக் கீறினாலும் மங்கினாலும், உடனே மாற்றுக.

நம் தொழிலையொட்டியும் சில சொல்ல வேண்டும். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் புட்டியைக் கொதிக்க வைக்கலாகாது. கழிவு நூலாலோ சாயத் துணியாலோ துடைக்காமல், சுத்தமான தட்டில் கவிழ்த்து உலரவிடுக. பூச்சிமருந்து தெளித்து வந்தவர், குளித்து உடை மாற்றிய பின்னரே புட்டியைத் தொடுக. மருந்து அளந்த மூடியோ கரண்டியோ பால் அளக்க எக்காரணத்தாலும் பயன்படலாகாது.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டுவதில்லை, கவனமே வேண்டும். புட்டி வாங்கும் நாளில் உறையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை நம் சகோதரிகள் மட்டுமன்றி, கடைக்குச் செல்லும் ஆடவரும் மேற்கொள்வார்களாக.