வலு ஊடுகடத்தல் தொகுதி: பராமரிப்பும் பழுது காணலும்



“கியர் மாற்றும்போது பற்கள் உராயும் சத்தம் கேட்கிறது. காரணம் யாது?” என்று வகுப்பில் கேட்டால், பலர் “கியர்ப்பெட்டி பழுது” என்று ஒரே வரியில் எழுதிவிடுகின்றனர். இது விடையன்று, ஊகம். கியர்ப்பெட்டியைக் கழற்றுவது அதிக நேரமும் பணமும் பிடிக்கும் வேலை. ஆகவே கழற்றுவதற்கு முன் குறைபாடு எங்கே உள்ளது என அறிய வேண்டும். அதுவே இப்பாடத்தின் நோக்கம். இங்கு கையால் கியர் மாற்றும் வாகனத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. வலு செல்லும் பாதை

பின்சில்லுகளால் இயங்கும் வாகனத்தில்:
எஞ்சின் → கிளச் → கியர்ப்பெட்டி → செலுத்தற் தண்டு → டிபரென்ஷல் → அச்சுகள் → சில்லுகள்

முன்சில்லுகளால் இயங்கும் கார்களில் நீண்ட செலுத்தற் தண்டு இல்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றில் கியர்ப்பெட்டியும் டிபரென்ஷலும் ஒரே கூட்டினுள் அமைந்திருக்கும்.

• கிளச்: எஞ்சினைக் கியர்ப்பெட்டியுடன் இணைக்கும், தேவையானபோது பிரிக்கும்.
• கியர்ப்பெட்டி: சுழற்சி வேகத்தையும் முறுக்கத்தையும் மாற்றும், பின்னோக்கிச் செல்லவும் உதவும்.
• டிபரென்ஷல்: வளைவில் இருபக்கச் சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும்.

2. கியர் விகிதம்

உதாரணம்: முதலாம் கியரில் 20 பற்களுள்ள பற்சில்லு 40 பற்களுள்ள பற்சில்லைச் சுழற்றுகிறது. 40 பற்சில்லின் தண்டிலேயே உள்ள 24 பற்களுள்ள பற்சில்லு, 36 பற்களுள்ள பற்சில்லைச் சுழற்றுகிறது.

கியர் விகிதம் = (40 ÷ 20) × (36 ÷ 24) = 2 × 1.5 = 3
அதாவது 3 : 1

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் வெளியீட்டுத் தண்டு 1000 முறை சுழலும். எஞ்சினின் முறுக்கம் 100 நியூட்டன் மீற்றர் எனின், உராய்வு இழப்பைப் புறக்கணிக்க, வெளியீடு 300 நியூட்டன் மீற்றர் ஆகும். வேகம் குறையும் அளவுக்கு முறுக்கம் கூடுகிறது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரமேற்றிய வாகனம் கீழ்க்கியரில் ஏறுவது இதனாலேயே. செங்குத்தான இறக்கத்திலும் கீழ்க்கியரே உகந்தது. எஞ்சின் வாகனத்தைத் தடுத்துப் பிடிப்பதால் பிரேக் அளவுமீறிச் சூடாகாது. நியூட்ரலில் இறக்குவது உயிராபத்தானது.

3. பராமரிப்பு

(அ) கிளச் மிதி: கிளச் வேலைசெய்யத் தொடங்குமுன் மிதி சிறிது தூரம் வெறுமனே அசைய வேண்டும். கேபிள் கிளச் உள்ள பல கார்களில் இது ஏறத்தாழ 15 – 25 மில்லிமீற்றர். சரியான அளவை வாகனக் கைந்நூலில் காண்க. இத்தூரம் குறைந்தால் கிளச் வழுக்கும். கூடினால் கிளச் முழுமையாகப் பிரியாது.

(ஆ) கியர் ஒயில்: கைந்நூல் கூறும் வகையையே இடுக. மட்டம் பார்க்கும்போது வாகனம் சமதரையில் நிற்க வேண்டும். பல கியர்ப்பெட்டிகளில் ஒயில் நிரப்பும் துவாரத்தின் கீழ்விளிம்பு வரை இருக்க வேண்டும். ஒயில் மாற்றும்போது முதலில் நிரப்பும் அடைப்பைத் தளர்த்திப் பார்த்த பின்னரே வடிக்கும் அடைப்பைக் கழற்றுக. இல்லையேல் ஒயில் வடிந்த பின் மேலடைப்பு இறுகியிருந்தால் வாகனத்தை நகர்த்தவும் முடியாது. வடித்த ஒயிலில் நுண்ணிய உலோகத் துகள் சிறிதளவு இருப்பது வழமை. பெரிய துண்டுகள் காணப்படின் உள்ளே உடைவு உண்டு.

(இ) ஓட்டும் பழக்கம்: கிளச் மிதியில் காலை ஓய்வாக வைக்கலாகாது. ஏற்றத்தில் வாகனத்தைப் பாதிக் கிளச்சில் நிறுத்தி வைக்கலாகாது.

எச்சரிக்கை: ஜக்கினால் மட்டும் உயர்த்திய வாகனத்தின் கீழ் ஒருபோதும் செல்லாதீர்கள். உறுதியான தாங்கிகளை வைத்து, தரையிலுள்ள சில்லுகளுக்குக் கட்டை இடுக.

4. பழுது காணல்

கைப்பிரேக்கை இட்டு, நியூட்ரலில் எஞ்சினை இயக்கிச் சத்தத்தைக் கேளுங்கள்.

• மிதியை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் – கிளச் விடுவிப்புப் பெயரிங் (போதிகை) தேய்ந்திருக்கலாம்.
• மிதியை அழுத்தியதும் சத்தம் நின்றால் – கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டுப் பெயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏனைய அறிகுறிகள்:

• எல்லாக் கியரும் உராய்வுச் சத்தத்துடன் விழுதல் – கிளச் முழுமையாகப் பிரியாமை.
• ஒரு கியர் மட்டும் அவ்வாறு விழுதல் – அக்கியரின் சிங்க்ரோ வளையம் தேய்தல்.
• கியர் தானாகக் கழலுதல் – கியரைப் பிடித்து வைக்கும் குண்டு, சுருளிவில் அல்லது பற்கள் தேய்தல்.

ஓர் அனுபவம்: என் மாமா பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓட்டுபவர். ஒருநாள் கியர் விழ மறுத்தது. ஒரு கராஜில் கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டும் என்றனர். அச்செலவுக்காக மாமி காப்பை அடகு வைக்க எடுத்துவிட்டார். அயலில் வசித்த முதிய மெக்கானிக் ஒருவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “எஞ்சினை நிறுத்தினால் கியர் விழுதோ?” நிறுத்திப் பார்த்தபோது எல்லாக் கியரும் இலகுவாக விழுந்தன. அப்படியாயின் குறை கியர்ப்பெட்டியில் அன்று, கிளச்சில். கேபிள் நீண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் வான் ஓடியது. காப்பும் கையிலேயே இருந்தது. இச்சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

5. மாதிரி வினா

ஏற்றத்தில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. ஆனால் கார் வேகமெடுக்கவில்லை. எரிந்த மணம் வீசுகிறது.
(i) குறைபாடு யாது?
(ii) காரணங்கள் இரண்டு தருக.
(iii) திருத்தும் முறையை எழுதுக.

விடை:
(i) கிளச் வழுக்குதல்.
(ii) கிளச் தட்டு தேய்ந்திருத்தல். மிதியின் வெறும் அசைவு போதாமை. (தட்டில் ஒயில் படிந்திருத்தலும் ஏற்கத்தக்கது.)
(iii) முதலில் மிதியின் அசைவை அளந்து சரிசெய்தல். அதன் பின்னும் வழுக்கினால் மட்டும் கழற்றி, தட்டு, அமுக்கத் தட்டு, ஒயில் கசிவு ஆகியவற்றைப் பரிசோதித்து, தேய்ந்ததை மாற்றுதல்.

நினைவிற் கொள்க: விடையை “அறிகுறி – காரணம் – திருத்தம்” என்ற ஒழுங்கில் எழுதுங்கள். எளிய சோதனையை முதலிலும் கழற்றும் வேலையை இறுதியிலும் குறிப்பிடுங்கள். பரீட்சைத் தாளிலும் சரி, வீதியோரம் நின்றுவிட்ட வாகனத்திலும் சரி, இவ்வொழுங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.